ஏழு உருளிகளும் ஐம்பதாவது ஆண்டிதழும்

6 ஜனவரி 2025

காலையில் போனால் என் நாற்காலியில் உட்கார இடமில்லை. புத்தகங்கள். மேஜையிலும் புத்தகங்கள். எங்கள் அருங்காட்சியகத்தின் ஆய்வு ஆண்டிதழ், ஒன்றிலிருந்து நாற்பத்தொன்பது வரை. பதினாலாவதற்கும் பதினைந்தாவதற்கும் நடுவில் பல்லி முட்டை இரண்டு.

பத்மகுமார் சார் தொண்டையைச் செருமினார். காப்பாட்சியர், ஆண்டிதழின் ஆசிரியர், செருமாமல் எந்த வாக்கியத்தையும் தொடங்காதவர்.

"ஆகஸ்டில ஐம்பதாவது இதழ் வருது ஜுஹைனா. ஆண்டிதழோட வரலாற்றை நீ எழுதணும். இருபது பக்கம். முதல்ல எல்லாத்தையும் படி."

"எல்லாத்தையுமா சார்?"

"அட்டையில தொடங்கி அட்டை வரைக்கும்."

என் ஓராண்டுத் தற்காலிக வேலை ஆகஸ்ட் 31-இல் முடிகிறது. இதழ் நன்றாக வந்தால் நிரந்தரத்துக்கு, அருங்காட்சியகத்தை நடத்தும் அறக்கட்டளையில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். அச்சில் என் பெயர் வரப்போவதும் இதுதான் முதல் தடவை. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் உம்மா அதை உடனே கல்யாண பயோடேட்டாவில் சேர்த்துவிடுவாள்.

14 ஜனவரி

பொங்கல் விடுமுறை. இடலாக்குடியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து பதினெட்டாவது இதழ் வரை முடித்தேன்.

இவ்வளவு சிரிப்பேன் என்று நினைக்கவில்லை. நான்காவது இதழ் இரண்டு வருடம் தாமதம். ஐந்தாவதற்குப் பிறகு வந்திருக்கிறது. பதினோராம் இதழில் பிழைதிருத்தம் மூன்று பக்கம். பன்னிரண்டாம் இதழில் அந்தப் பிழைதிருத்தத்துக்குப் பிழைதிருத்தம். பதினாறில் ஒரு கல்வெட்டுக் கட்டுரைக்கு நடுவே யாருடைய காதுகுத்து அழைப்பிதழையோ அச்சகத்தில் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். அடுத்த இதழின் வாசகர் கடிதம்: "காதுகுத்து பற்றிய பகுதி மிகவும் பயனுள்ளது. விரிவாக எழுதலாம்."

கட்டுரைகளை யாரும் படித்த மாதிரித் தெரியவில்லை. எல்லோரும் படித்தது கடைசிப் பக்கங்களைத்தான். "இவ்வாண்டு வரவான பொருட்கள்." என்ன பொருள், என்ன அளவு, எந்த ஊரிலிருந்து யார் கொண்டுவந்து தந்தார். ஊரில் பாதிப் பேர் அதில் இருக்கிறார்கள். 1978 முதல் அந்தப் பட்டியலை எழுதுகிறவர் எங்கள் எழுத்தர் சிவதாணு அண்ணாச்சி. பணி ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. வருவதை மட்டும் நிறுத்தவில்லை.

22 ஜனவரி

இருபத்தொன்றாவது இதழ், 1996. பத்மகுமார் சாரின் பெயர்பெற்ற கட்டுரை: 'நாஞ்சில் நாட்டு உருளிகள்: ஏழு சான்றுகள்'. இந்தக் கட்டுரைதான் பிறகு வளர்ந்து அவருக்கு டாக்டர் பட்டம் வாங்கித் தந்தது. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை உருளி டாக்டர் என்றுதான் சொல்கிறார்கள்.

உருளி என்றால் கல்யாண வீட்டில் பாயசம் காய்ச்சும் வாயகன்ற வெண்கலப் பாத்திரம், தூக்கிப் பிடிக்கப் பக்கத்துக்கு ஒரு காது. எங்கள் அருங்காட்சியகத்துக்கு 1978 தொடங்கி 1995 வரை ஏழு உருளிகள் வரவாகியிருக்கின்றன. தேரூர், வடசேரி, சுசீந்திரம், பூதப்பாண்டி, அருமனை, தக்கலை, குழித்துறை. பட்டியலில் இருந்த அளவுகளை வைத்து, இருபத்தைந்து வயதில், சார் மூன்று முடிவுகளுக்கு வருகிறார்.

ஒன்று: வாயின் விட்டம் இருபத்தாறே கால் அங்குலத்தில் தொடங்கி இருபத்து நாலில் முடிகிறது, ஆகவே கூட்டுக் குடும்பம் சிதையச் சிதைய உருளியும் சிறுத்தது. இரண்டு: மேற்கே போகப் போக இரண்டு காது உருளி ஒற்றைக் காது உருளியாகப் பரிணமித்தது. மூன்று: ஏழின் அடியிலும் 'தே.தா.' என்று வெட்டியிருப்பதால், இவை தேரூரில் இருந்த பெரிய வார்ப்புப் பட்டறை ஒன்றில் பிறந்து மேற்கே பரவியவை. கூடவே ஒரு வரைபடம். தேரூரிலிருந்து ஆறு அம்புகள்.

அழகாக எழுதியிருக்கிறார். பேருந்து இடலாக்குடி தாண்டியது தெரியாமல் படித்துக்கொண்டிருந்து சுசீந்திரத்தில் இறங்கினேன்.

ஐம்பதாவது இதழின் முதல் கட்டுரையாக இதுவே மறுபடி வருகிறது, ஏழு உருளிகளின் வண்ணப் படத்தோடு.

11 பிப்ரவரி

சார் இன்று மூன்று தடவை செருமிவிட்டு வந்தார். ஐதராபாத்தில் உலோக ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் டாக்டர் பிரீனா என்பவர் கடிதம் எழுதியிருக்கிறார். சாரின் கட்டுரையைப் படித்தாராம். ஏழு உருளிகளின் வெண்கலக் கலவையையும் கருவி வைத்து ஒப்பிட வேண்டுமாம். மே மாதம் வருகிறார்.

"ஒருத்தர் படிச்சிருக்காங்க!" என்றார் சார். ஐம்பத்து நாலு வயது முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் உருளி இருக்கிறது. மற்ற ஆறும் பின்னால் இருப்பறையில். சார் அங்கே போவதில்லை; தூசி பட்டால் பதினேழு தும்மல். என்னைப் போய்ப் பார்த்து வரிசையாக எடுத்துவைக்கச் சொன்னார்.

13 பிப்ரவரி

இருப்பறைச் சாவி காணாமல் போய்விட்டது என்கிறார் சிவதாணு அண்ணாச்சி. அவர் இடுப்பில் சாவி கிலுங்குகிறது.

20 பிப்ரவரி

சாவி கிடைக்காததால் பழைய கடிதக் கோப்புகளைப் பிரித்தேன். முதல் உருளியைத் தந்தவரின் 1978 கடிதம் கிடைத்தது. தேரூர் தாணுலிங்கம். அவருடைய பாட்டனார் பெயரும் தாணுலிங்கம்தானாம். பாட்டனார் வாங்கிப் பெயர் வெட்டிய உருளி. தே.தா. – பட்டறையும் இல்லை ஒன்றும் இல்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த பத்தி:

"சகோதரர்களில் யார் வீட்டில் உருளி இருப்பது என்பதில் ஒற்றுமை இல்லாதபடியால், பொதுவில் இருக்கட்டும் என்று தங்களிடம் தருகிறேன். என் தங்கைமார் ஆறு பேரின் கல்யாணத்துக்கும் ஒவ்வொரு தடவை தந்துதவ வேண்டும்."

தந்தது ஒரு தடவை. தங்கைமார் ஆறு. ஒன்றும் ஆறும்—

கையில் பாதி வடையோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

21 பிப்ரவரி

கடிதத்தை சிவதாணு அண்ணாச்சியின் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார். பிறகு சாவியை எடுத்துத் தந்துவிட்டார்.

இருப்பறையில் ஆட்டுக்கல் இருந்தது, கலப்பை இருந்தது, ஒரு பல்லக்கின் பாதி இருந்தது. உருளி இல்லை.

"அண்ணாச்சி, கல்யாணத்துக்குப் போயிட்டுத் திரும்பி வந்ததை ஏன் புதுசு புதுசா எழுதினிய?"

"வந்துதுல்லா? வந்தா எழுதணும்."

"போனதை எழுதலியே!"

"போனதை எழுத அந்த நோட்டுல எடம் எங்க இருக்கு பிள்ளே? நீயே பாரு."

பார்த்தேன். பதிவேட்டில் 'வந்தது' என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'சென்றது' இல்லை. இங்கே வந்த பொருள் திரும்பிப் போகும் என்று பதிவேட்டை அச்சடித்தவர் நினைக்கவில்லை போல.

"பின்ன ஒரு காரியம் கேளு," என்றார் அண்ணாச்சி, குரலைத் தாழ்த்தி. "கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுக்கும் அதுலதான் பாயசம். திருப்பிக் கொண்டு தரது மாப்பிள்ளை வீட்டுக்காரவ. கொண்டு தந்துட்டு, 'எங்க பேரு புக்குல வருமா'ன்னு நிப்பாவ. சம்பந்தக்காரன் ஆச்சே மக்கா! வராதுன்னு சொன்னா அந்தப் பெண்ணுக்கு அங்க மரியாதையா இருக்குமா? அதான் பேரு போட்டேன். பேரு போட்டா பொருளும் போடணும்லா."

"அளவு எப்பிடி மாறிச்சு?"

"ஒரு தடவை தையக்கார டேப்பு. ஒரு தடவை ஆசாரி முழக்கோலு. குழித்துறையில இருந்து வந்த அன்னைக்கு ஒண்ணும் கெடைக்கல்லே. சாண் வச்சு அளந்தேன்."

"ஒத்தைக் காது?"

"அருமனையில டெம்போவுல இருந்து விழுந்துட்டு."

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் செய்தேன்.

சார் 1996-இல் பார்க்க வந்தாராம். இருப்பறை வாசலிலேயே தும்மல். ஒன்றைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாராம். பிறகு காப்பாட்சியராக வந்த முதல் நாள், "மத்ததெல்லாம் உள்ளதானே?" என்று கேட்டார். "ஆமா சார்" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். "சேந்த அன்னைக்கே ஒரு மனுசனை நோகடிக்கப்பிடாதுன்னு பாத்தேன். பொறவு சொல்ல ஒரு நல்ல நாள் அமையல்லே."

24 பிப்ரவரி

என் முன்னால் இருப்பது இதுதான். நான் எழுதுவது வரலாறு. அதில் இதை எழுதினால் சாரின் முப்பது வருடம் போய்விடும், அவர் கையில் இருக்கிற என் வேலையும் போய்விடும். எழுதாவிட்டால் அச்சில் வரும் என் முதல் எழுத்தே தெரிந்து சொல்லும் பொய்.

எத்தனையோ புத்தகத்தில் இந்த மாதிரி ஆட்களைப் படித்து, "சொல்லித் தொலையேன்" என்று திட்டியிருக்கிறேன்.

5 மார்ச்

நோன்பு நான்கு. சாரிடம் சொல்லப் போனேன். பேச வாயெடுத்தபோது, "நோன்பு நேரத்துல தொண்டை வறளும், பேசாதேம்மா" என்று அனுப்பிவிட்டார்.

12 மார்ச்

மறுபடி போனேன். உருளிப் படத்துக்கு நீலப் பின்னணியா சிவப்பா என்று கேட்டார். நீலம் என்று சொல்லிவிட்டு வந்தேன். கோழை.

19 மார்ச்

எழுதிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அதனாலேயே வெட்கமாக இருந்தது, கிழித்தேன்.

9 மே

பிரீனா 14-ஆம் தேதி வருகிறார். சிவதாணு அண்ணாச்சி மட்டும் இரண்டு நாளாக நிம்மதியாக இருக்கிறார். "நீ ஒண்ணும் செய்யாண்டாம் மக்கா. எல்லாம் சரியாக்கியாச்சு." என்ன சரியாக்கினார்?

14 மே, புதன்

ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

பிரீனா வருவதற்குள் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து எட்டரை மணிக்கே போனேன். வாசலில் ஒரு குட்டியானை வண்டி. பின்கதவைத் திறந்துகொண்டு நிற்பது யார்? என் அண்ணன், உபைத் காக்கா. இடலாக்குடியில் பாத்திர வாடகைக் கடை வைத்திருக்கிற என் சொந்தக் காக்கா.

"இங்க என்ன காக்கா?"

"ஏட்டி, வழி விடு. ஆறு உருளி. ஒங்க சிவதாணு அண்ணாச்சி சொல்லிவிட்டாரு. மியூசியத்துல பாயசமா? எங்கிட்ட நீ சொல்லவே இல்லியே!"

நான் தடுப்பதற்குள் இரண்டு உள்ளே போய்விட்டன. அதற்குள் சாரின் ஸ்கூட்டர் வந்துவிட்டது. புதுச் சட்டை. கூடத்தில் ஆறு உருளிகளையும் பார்த்தார். நின்றார். செருமவே இல்லை.

"எத்தனை வருஷம்..." என்றார். ஒவ்வொன்றின் விளிம்பையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார், பள்ளியில் பிள்ளைகளின் தலையை எண்ணுகிற மாதிரி. "ஒரு தும்மல்கூட வரலை, பாத்தியா ஜுஹைனா? நம்ம சிவதாணு எவ்வளவு சுத்தமா வச்சிருக்காரு!"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரால் முடியும்? என்னால் முடியவில்லை.

பத்து மணிக்கு பிரீனா வந்தார். மார்த்தாண்டத்துக்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும், கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. முதல் உருளியின் மேல் வைத்து அழுத்தினார். திரையைப் பார்த்தார். இரண்டாவது. மூன்றாவது. நெற்றி சுருங்கியது. நான்காவதை முகர்ந்து பார்த்தார்.

"சார், இதுல பிரியாணி மணக்குது."

"அந்தக் காலத்துல..." என்று சார் தொடங்கினார். எங்கே கொண்டுபோய் முடிப்பது என்று அவருக்கே தெரியவில்லை.

பிரீனா அந்த உருளியைக் கவிழ்த்தார். அடியில் பளிச்சென்று வெட்டியிருந்தது: உபைத் பாத்திர வாடகை, இடலாக்குடி. கீழே பத்து இலக்கத் தொலைபேசி எண்.

தன் போனை எடுத்து அந்த எண்ணை அழுத்தினார்.

வராந்தாவில் போன் அடித்தது. "ஹலோ, உபைத் பாத்திர வாடகை" என்று காக்காவின் குரல் முதலில் கூடத்து வாசலிலும், ஒரு நொடி தாமதித்து பிரீனாவின் போனிலும் கேட்டது. "என்னைக்கு விசேசம்? எத்தனை பேருக்கு?"

அண்ணாச்சி மேற்கூரையைப் பார்த்தார். பல்லி ஏதும் இல்லை.

"சிவதாணு," என்றார் சார், மெதுவாக. "மத்த ஆறு எங்கவே?"

அண்ணாச்சி மேற்கூரையிலிருந்து கண்ணை இறக்கவில்லை. நான்தான் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பழைய உருளியின் பக்கத்தில் போய் நின்றேன்.

"இதுதான் சார். மத்த ஆறும் இதுதான்."

சொல்லிவிட்டேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. கடிதம், ஆறு தங்கைமார், மாப்பிள்ளை வீட்டு மரியாதை, தையல் டேப்பு, முழக்கோல், சாண். சார் முழுவதையும் கேட்டார். பிறகு குனிந்து, காது ஒடிந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தார்.

"அப்போ இது?"

"டெம்போவுல இருந்து விழுந்தது சார்."

"நான் பரிணாமம்னுல்ல எழுதியிருக்கேன்," என்றார்.

கர்ச்சீப்பை எடுத்து மூக்கைத் துடைத்தார். தும்மல் அல்ல. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வெளியே நல்ல வெயில், குடையை விரிக்கவில்லை. ஸ்கூட்டரையும் எடுக்கவில்லை.

பிரீனா கருவியை உறையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "இந்த ஒண்ணை மட்டும் அளந்துக்கிடட்டா? நல்ல வெண்கலமாக்கும்."

காக்கா ஆறு உருளிகளையும் திரும்ப ஏற்றும்போது, "பாயசம் இல்லியா அப்போ?" என்றார்.

16 மே

சார் வரவில்லை. ஸ்கூட்டர் மட்டும் மரத்தடியில் நிற்கிறது. காக்கைகள் அதற்குத் தங்கள் பங்கைச் செய்துவிட்டன.

19 மே

வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. அச்சகத்திலிருந்து கேட்கிறார்கள், முதல் கட்டுரை உண்டா இல்லையா என்று. ஆசிரியரைக் கேட்க வேண்டும் என்றேன். "ஆசிரியர் எங்கே?" நல்ல கேள்வி.

22 மே

வரலாற்றுக்கு இரண்டு எழுத்துப் படிகள் வைத்திருக்கிறேன். முதல் படியில் உருளியே இல்லை. இரண்டாவது படியில் எல்லாம் இருக்கிறது, சாரின் பெயரைத் தவிர: "அக்கால இளம் ஆய்வாளர் ஒருவர்" என்று எழுதியிருக்கிறேன். இப்படி எழுதினால் அது பொய் ஆகாது. உண்மை என்று சொல்லவும் கூசுகிறது. என்ன பிறவி ஏட்டி நீ?

26 மே, திங்கள்

சார் வந்துவிட்டார். முகத்தில் இரட்டை முகக்கவசம். நேராக அண்ணாச்சியிடம் சாவி வாங்கி இருப்பறைக்குள் போனார். அரை மணி நேரம் உள்ளேயிருந்து தும்மல் மட்டும் வந்துகொண்டிருந்தது. நடுநடுவே எண்ணும் சத்தம்.

"சிவதாணு! ஆட்டுக்கல் எத்தனை?"

"நாலு சார்."

"பதிவுல?"

"நாலுதான் சார். அதைத் தூக்கிட்டுப் போக யாருக்கும் தாவு இல்லே."

வெளியே வந்ததும் என் மேஜை முன்னால் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தார்.

இந்தப் பன்னிரண்டு நாளும் அவர் தன் வரைபடத்தில் இருக்கிற ஆறு ஊர்களுக்கும் பேருந்தில் போயிருக்கிறார். ஆறு தங்கைமார் வீட்டுக்கும். குழித்துறைக்கார அம்மா இப்போது இல்லை, மகள் இருந்தாராம். மற்ற ஐவரும் உட்காரவைத்துச் சோறு போட்டு, தங்கள் கல்யாணத்தில் உருளி வந்த கதையைச் சொல்லியிருக்கிறார்கள். அருமனை அம்மா ஒடிந்த காதையே எடுத்துக் காட்டினாராம். முப்பத்தேழு வருடமாகக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் அண்டை கொடுக்கிறார்.

"ஒவ்வொரு வீட்டுலயும் பாயசம்," என்றார் சார், வயிற்றைத் தடவி. பிறகு செருமினார். எனக்கு உயிர் வந்தது. "எங்கே, நீ எழுதினதைக் கொண்டா."

நல்ல வேளை, யோசிக்க நேரம் தரவில்லை. கை இரண்டாவது படியைத்தான் எடுத்தது.

நின்றுகொண்டே படித்தார். பதினாலாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"இது யாரு, 'அக்கால இளம் ஆய்வாளர் ஒருவர்'?"

நான் பேனாவை எடுத்து நீட்டினேன்.

"பேரைப் போடு. இருபத்தொன்றாம் இதழ், பக்கம் மூணு முதல் இருபத்தாறு வரை, எல்லாத்தையும் போடு. தப்புக்கும் மேற்கோள் சரியா இருக்கணும்." அடிக்கோடிட்டார். "பழைய கட்டுரை மறுபடி வராது. அந்த இடத்துல இதைப் போடு. இருபது பக்கம் போதாது, முப்பதா எழுது."

கதவருகே போய்த் திரும்பினார். "ஆனா வரைபடம் தப்பில்லை, பாத்துக்கோ. தேரூர்ல இருந்து மேற்கே போனது சரிதான். நான் உருளின்னு நினைச்சேன், அது ஆறு பொண்ணுங்க. வரைபடத்தை நீ தொடாதே. அடுத்த இதழுக்கு நான் எழுதறேன்."

அதாவது, ஐம்பத்தொன்றாம் இதழிலும் உருளிதான்.

10 ஜூலை

தேரூர் தாணுலிங்கம் இன்று நேரில் வந்தார். எழுபத்தேழு வயது, சலவை வேட்டி, கையில் கல்யாண அழைப்பிதழ். தங்கைமாருக்குப் பிறகு இத்தனை வருடம் எல்லாக் கல்யாணமும் மண்டபம், கேட்டரிங் என்றே போய்விட்டதாம். இப்போது மகன் வயிற்றுப் பேத்தி தன்யா, பாயசம் அந்த உருளியில் வைத்தால்தான் ஆயிற்று என்று நிற்கிறாளாம். காரணம், உருளியைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வீடு வீடாக ஒரு டாக்டர் திரிந்த செய்தி குடும்பம் முழுக்கப் பரவிவிட்டது.

"மாப்பிள்ளைக்கு ஊரு கருங்கல்லு," என்றார். "ஆகஸ்ட் இருபத்தெட்டு."

அது நம் இதழ் வெளியீட்டு நாள். சாரைப் பார்த்தேன்.

"கல்யாணத்தை மாத்த முடியாது," என்றார் சார். "வெளியீட்டையும் மாத்த முடியாது. உருளி கல்யாணத்துக்குப் போகட்டும்."

சிவதாணு அண்ணாச்சி பழக்க தோஷத்தில் பதிவேட்டைத் திறந்தார். நான் அதை வாங்கி, ஸ்கேல் வைத்து, 'வந்தது' கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு கிழித்தேன். மேலே எழுதினேன்: சென்றது.

"இது நேத்தே இருந்திருந்தா..." என்றார் அண்ணாச்சி. அவருக்கு நேற்று என்பது 1979.

19 ஆகஸ்ட்

அறக்கட்டளைக்கு என்னைப் பற்றி ஒரு கடிதம் கொடுத்திருப்பதாக சார் சொன்னார். என்ன எழுதினீர்கள் என்று கேட்கவில்லை. அவரே சொன்னார். "என்னைப் பத்தி நீ எழுதியிருக்கிற முப்பது பக்கத்தையும் இணைச்சிருக்கேன். அதுக்கு மேல சிபாரிசு என்ன வேணும்?"

இது நல்லதா கெட்டதா?

28 ஆகஸ்ட்

வெளியீட்டு விழாவுக்கு வந்தவர்கள் பத்தொன்பது பேர். ஊரில் பாதிப் பேர் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். வந்தவர்களும் பன்னிரண்டு மணிக்கு மேல் கடிகாரத்தைப் பார்த்தார்கள். கண்ணாடிப் பெட்டி காலி. உள்ளே சார் கைப்பட எழுதிய அட்டை: 'கல்யாணத்துக்குப் போயிருக்கிறது.'

இதழைப் பிரித்து என் பெயரை ஒரு தடவைதான் பார்த்தேன். பிறகு ஓய்வறைக்குப் போய் இன்னும் நாலு தடவை பார்த்தேன். உம்மா முன்வரிசையில் இருந்தாள். காக்கா சொல்லிவிட்டிருக்கிறார். முப்பது பக்கத்தையும் புரட்டிவிட்டு, "படமே இல்லியே ஏட்டி, ஒன் போட்டோவாவது போட்டிருக்கலாம்லா," என்றாள். பயோடேட்டாவுக்காக இரண்டு பிரதி கேட்டாள்.

பிழைதிருத்தம் ஒரு வரிதான்: "இருபத்தொன்றாம் இதழில் ஏழு என்று வரும் இடங்களில் ஒன்று என்று படிக்கவும். – ஆசிரியர்."

3 செப்டம்பர், புதன்

உருளி திரும்பி வந்தது. கருங்கல்லிலிருந்து மாப்பிள்ளையின் சித்தப்பா ஜிபின் என்பவர் காரில் கொண்டுவந்து இறக்கினார். உருளிக்குள் ஒரு தூக்குப் பாத்திரத்தில் பாயசம். இறக்கிவைத்துவிட்டுத் தயங்கி நின்றார்.

"எங்க பேரு புக்குல வருமா?"

அண்ணாச்சி பேனா மூடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"வரும்," என்றேன். "கொண்டுபோய்க் கொண்டுவந்தவர்கள்னு இனிமே தனியா ஒரு பக்கம் இருக்கு."

அவர் போனதும் சார் உள்ளேயிருந்து வந்து, சுவரில் மாட்டியிருக்கும் தன் பழைய வரைபடத்தில் கருங்கல்லுக்குப் பென்சிலால் ஒரு அம்பு போட்டார். அண்ணாச்சி பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு இன்னும் நின்றார். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

"பாயசத்தையாவது எழுதட்டா பிள்ளே? அது புதுசுதானே?"

எழுதினார். பாயசம், ஒரு தூக்கு. வந்தது: 11.20. சென்றது: 11.35.

அதற்கு எதிரே பொறுப்பாளர் கையொப்பம் என்று இருக்கிற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அறக்கட்டளையின் நியமனக் கடிதம் வந்து இரண்டு நாள்தான் ஆகிறது; கீழே பழக்கத்தில் 'தற்காலிக' என்று எழுதத் தொடங்கினேன். 'தற்' வரை வந்துவிட்டது. அதை அடித்துவிட்டு, பக்கத்தில் தேதி போட்டேன்.